ஃபுல்லர் என்றொரு கடைசிப் பெயர்

போன கிழமை மகளோடு அஜக்ஸில் ஒரு கிளினிக்குக்கு ஊசி போடப் போயிருந்தேன். தாதியின் சட்டையில் குத்தியிருந்த பெயர் ஃபுல்லர். ஊசியை மறந்து பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாதிப் பிள்ளை என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. நானும் பாதி வயதை அப்படிப் பார்த்தே கழித்தவன்தான்.

தோய்த்த உடுப்பு வாசம் வந்தாலே எனக்கு வெக்ஸ்போர்ட்டில், தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நான் படுத்திருந்த பேஸ்மன்ட் ஞாபகம் வந்துவிடும். எண்பத்தாறாம் ஆண்டு, இந்த நாட்டுக்கு வந்த புதிது. வீடு, மேலே குடியிருந்த ஃபுல்லர் என்ற வெள்ளைக்காரக் கிழவருடையது. கீழே மார்க்கண்டு அண்ணை வாடகைக்கு இருந்தார். என்னை வைத்திருப்பதும் துரத்துவதும் அவர் கையில். நல்ல மனுஷன், முதல் குளிருக்குத் தன் ஜாக்கெட்டையே கழற்றித் தந்தவர். ஒரே ஒரு வியாதி. ஆளைக் கண்டால் ஊர், ஒழுங்கை, கோயில், கிணறு என்று துருவி, என்ன சாதி என்று கண்டுபிடிக்கும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"தம்பி, கொப்பர் என்ன செய்தவர்?"

"கச்சேரியிலை கிளாக்கர், அண்ணை. கவண்மேந்து உத்தியோகம்."

அப்பா ஊரில் வீடு வீடாக உடுப்பெடுத்து வெளுத்தவர். தெரிந்தால் ஜனவரிப் பனியில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். அதனால் அண்ணை இருமினாலும் எனக்குச் சந்தேகம். என் சேர்ட்டை ஒழுங்காக அயர்ன் பண்ணவும் பயம். கைப்பழக்கம் காட்டிக்கொடுத்துவிடும் என்று கொலரில் வேண்டுமென்றே ஒரு சுருக்கம் விடுவேன். வெட்கக்கேடு!

அண்ணை கிழவரையும் விடவில்லை. "உவங்களுக்கும் சாதி இருக்கும். பேரிலைதான் ஒளிச்சு வைச்சிருப்பாங்கள். கேள்." அண்ணைக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிழவர் ஹீட்டர் பார்க்க இறங்கி வந்தபோது, பெயருக்கு என்ன அர்த்தம் என்று நான்தான் கேட்டேன்.

கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெயரே ஒரு தொழில் என்றார். இங்கிலாந்தில் அவருடைய முன்னோர் கம்பளித் துணியைத் தொட்டியில் போட்டு, காலால் மிதித்து அழுக்கெடுத்தவர்களாம். ஒருவகைக் களிமண்ணும் புளித்த மூத்திரமும்தான் அவர்களுக்குச் சவர்க்காரம். சப்பாத்தோடு நின்ற இடத்திலேயே மிதித்தும் காட்டினார். அப்பாவும் வெளுக்க உவர்மண்தான் பாவித்தவர்.

"என்னவாம்?" என்றார் அண்ணை, என் முகத்தையே பார்த்தபடி.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்கிறாரோ? கிழவரை வைத்து என்னைப் பிடிக்கப் பார்க்கிறாரோ?

"நிலம்புலம் உள்ள ஆக்களாம், அண்ணை."

"பாத்தியே! முகத்திலையே தெரியுதெல்லே."

தன் கதை பிடித்துவிட்டது என்று கிழவர் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை.

இப்போது கிழவர் இல்லை, அண்ணையும் இல்லை. அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். என்னைத் துரத்த ஒருவரும் மிச்சமில்லை.

ஊசி போட்டுவிட்டு வரும்போது காரில் மகள் கேட்டாள்: "அப்பா, அப்பப்பான்ட நேம்தானே எங்கட லாஸ்ட் நேம்? அவர் என்ன ஜொப் செய்தவர்?"

"வடிவாத் தெரியாது, பிள்ளை" என்றேன். தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் மட்டும்தான்.