நைட் ஷிப்ட் வாரம்

அண்ணன் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. ஹாலுக்கும் கொல்லைக்கும் நடையாய் நடந்தேன். அந்த நடையிலும் ஒரு கூத்து, குதிகால் தரையில் படாது. எங்கள் குவார்ட்டர்ஸில் பகல் வேளையில் யாரும் குதிகாலை ஊன்றி நடந்ததே இல்லை.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது, குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து என்னைக் கூட்டிவந்து படிக்க வைத்தவன் அண்ணன். அவனுக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. தங்கச்சி நான்தான் பிள்ளை. அவனுக்கு நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை, மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். நைட் ஷிப்ட் வாரம் வந்துவிட்டால் போதும், அவன் உள் அறையில் தூங்குவதற்காக எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையே வாயை மூடிக்கொள்ளும். காலிங் பெல் ஒயரை அண்ணி கழற்றிவிடுவாள். மீன்காரம்மா எங்கள் வாசலைத் தாண்டிப் போய்த்தான் கூவுவாள். இவ்வளவு காவலுக்கும் நடுவில் நான் ஒரு தட்டைத் தடாலென்று போட்டுவிடுவேன். அண்ணன் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்து நிற்பான்.

"ஏம்மா, உனக்கு மைன்ஸு மிஷினே தேவலாம் போலருக்கு. நான் அங்கியே போய்ப் படுத்துக்கட்டா?"

திட்டி முடித்ததும் தூக்கம் போயிற்றென்று டீ போடச் சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பான். எனக்கு அந்தத் திட்டு அவ்வளவு பிடிக்கும். ஆஃப் நாளில் அவனே டிவியை அலறவிட்டு, "இன்னிக்கி எல்லாரும் கத்திக்குங்க" என்பான்.

மாரடைப்பில் போனான். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஹாலில் கிடத்தினார்கள். ஊரிலிருந்து வந்த பெரியம்மா வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு, "என் ராசாவே" என்று குரலெடுத்தாள். தலைமாட்டில் இருந்த அண்ணி சட்டென்று உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா, பெரிம்மா. இப்பதான் படுத்தாரு."

பெரியம்மா ஓங்கிய கையை இறக்கிவிட்டாள். எதிர்வீட்டு அக்காவோ, பல வருஷப் பழக்கம், எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அப்படி ஒரு சாவு வீட்டை நான் பார்த்ததில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதோம்.

அண்ணி மட்டும் அழவில்லை. காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகும் ஒரு சொட்டு கிடையாது. அவளுக்கு எல்லா வாரமும் நைட் ஷிப்ட் வாரமாகிவிட்டது. விடிந்ததும் உள் அறைத் திரையை இழுத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். என் போனைக்கூட சைலன்ட்டில் போட்டுவிடுவாள். சோறு இறங்கவில்லை, ரவிக்கை தோளில் நிற்கவில்லை. "அழுதுடச் சொல்லும்மா. உள்ளயே வச்சிக்கினு இருந்தா இவளும் போய்ச் சேந்துடுவா" என்று பெரியம்மா கிளம்பும்போது சொன்னது என்னைப் பிடித்து ஆட்டியது. அவனை வாரிக் கொடுத்தாயிற்று. இவளையுமா? இவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அழுங்கள் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! ஒரு நாள் உச்சி வெயிலில், வந்த ஆத்திரத்தில் அடுப்பில் குக்கரை ஏற்றினேன். நீராவி சீறத் தொடங்கியதும் அண்ணி அணைக்க ஓடிவந்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி. அவரு எந்திரிச்சிடப் போறாரு."

"எந்திரிக்கட்டும்! எந்திரிச்சி வந்து என்னை நாலு திட்டு திட்டட்டும்! அதுக்குத்தான் வச்சிருக்கேன் அண்ணி!"

தொண்டை கிழியக் கத்தினேன். விசில் வந்தது. இன்னொன்றும் வந்தது. அடுப்படியில் நின்றபடி இருவரும் உள் அறைக் கதவையே பார்த்தோம். மூன்றாவது விசிலும் அடித்து ஓய்ந்தது.

"எந்திரிக்கலியேடி" என்றாள். "இவ்ளோ சத்தத்துக்கும் எந்திரிக்கலியே!"

பிறகு அவள் அழுத அழுகை தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். இதற்காகத்தான் இத்தனை நாள் கிடந்து தவித்தேன். ஆனால் அவளைக் கட்டிப்பிடிக்க எனக்குக் கை எழவில்லை. அந்தக் கதவு திறக்கும் என்று நானும் அல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்.