சும்மா நிற்கக் கற்றுக்கொண்டேன்

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எங்கள் கல்லூரி ஒர்க்‌ஷாப் வாசலில் வெயிலில் நின்றேன். உள்ளே பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் பரீட்சை. புதிதாக வந்த எக்ஸாமினர் முதல் வேலையாக, "இன்ஸ்ட்ரக்டர் வெளியில இருங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

வாசலை விட்டு நகர மனசு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் இருபது வருடம் அரம் பிடித்து இரும்பு ராவிய கை இது. அந்தக் கையை நம்பித்தான் இன்ஜினீயரிங் கல்லூரியில் இன்ஸ்ட்ரக்டர் வேலை கொடுத்தார்கள். பிள்ளைகள் ஃபெயிலானால், 'சர்டிஃபிகேட் இல்லாத ஆளை வைத்தால் இப்படித்தான்' என்று சொல்லி அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

பாடம் சின்னதுதான். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவி, பக்கங்களை நேராக்க வேண்டும். ஆனால் எனக்குப் பேச வராது. அதுவும் முப்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு... யாராவது தப்பாக ராவினால் அரத்தை வாங்கி நானே முடித்துக் கொடுத்துவிடுவேன். "தேங்க்ஸ் சார்" என்பார்கள். போன வருடம் வரை பரீட்சையிலும் அப்படியே — எக்ஸாமினர் டீ குடிக்கப் போகும்போது ஆளுக்கு நாலு இழுப்பு.

ஸ்டோர் கீப்பர் டேனியல் வருடா வருடம் கேட்பான்: "இன்னாண்ணா, இந்த வாட்டி எத்தினி டிகிரி வாங்கிகினே? அல்லாத்தையும் நீயே ராவிட்டே. பட்டம் குடுக்கசொல்ல உன் பேரையும் சேத்துப் படிக்கச் சொல்லு."

சிரித்து மழுப்பிவிடுவேன். இந்த வருடம் சுமதி என்ற மாணவி வந்து சேர்ந்தாள். வழக்கம்போல் நான் கை நீட்டியதும் அரத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"குடுக்க மாட்டேன் சார்."

"கோணலா இருக்கேம்மா..."

"இருக்கட்டும் சார். நீங்க வாங்கிட்டீங்கன்னா எங்க கோணல்னே எனக்குத் தெரியாமப் போயிடுது."

பீர்க்கன்கரணை வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் அதே நினைப்பு. திமிரா? இல்லை... இத்தனை வருடம் நான் யாருக்குக் கற்றுக்கொடுத்தேன்? என் கைக்குத்தான்.

மறுநாளிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நேர் பார்க்கிற மூலைமட்டத்தைத் துண்டின் மேல் வைத்து ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொல்லி, ஒரே கேள்வி கேட்டேன்: "வெளிச்சம் எங்கம்மா வருது?" கூச்சக்காரனுக்கு மூன்று வார்த்தை தாராளம்.

மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற இடம் பள்ளம். தெரியாத இடம் மேடு. ஆனால் எல்லோரும் முதலில் வெளிச்சம் வருகிற இடத்தையே ராவினார்கள். பள்ளம் இன்னும் பள்ளமானது. என் விரலெல்லாம் துடித்தது. வேலை தெரிந்தவனுக்கு ரொம்பக் கஷ்டமான வேலை எது தெரியுமா? சும்மா நிற்பது.

"இரும்பு தீந்துபூட்சுண்ணா. பல்லால கடிக்கிறாங்களா இன்னா?" என்று டேனியல் புலம்பினான்.

சுமதி மூன்று துண்டுகளைப் பாழாக்கினாள். நாலாவதை எடுக்கும்போது அவளே கேட்டாள்: "சார்... மேட்டைத்தானே ராவணும்?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். ஒரு மணிக்குக் கதவு திறந்தது. முதலில் சுமதி. கையெல்லாம் கறுப்பு.

"என்னம்மா?"

"வெளிச்சம் வரலை சார்."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன். பின்னாலேயே எக்ஸாமினர் வந்தார். "ரெண்டு பேருக்குக் கொஞ்சம் கோணல் சார். எங்க கோணல்னு அவங்களே காட்டிட்டாங்க. பயப்படாதீங்க, யாரும் ஃபெயில் இல்ல."

டேனியல் ஸ்டோர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தான். "போச்சுண்ணா... இந்த வருசம் உனக்கு ஒரு டிகிரியும் கெடியாது."

டிகிரி கிடைக்காததற்கு டேனியலுக்கு டீ வாங்கிக் கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.