வாசலில் பிடிபட்ட குறுக்கெழுத்து

துறைமுக வாசலில் என் கைப்பையைச் சோதித்த காவலாளி, சாப்பாட்டுப் பார்சலையும் சீப்பையும் ஒதுக்கிவிட்டு, மடித்து வைத்திருந்த ஒரு தாளை வெளியே எடுத்தான். கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, சில கட்டங்களைக் கறுப்பு மையால் அடைத்து, மிச்சத்தில் இலக்கமிட்ட தாள். கீழே என் கையெழுத்தில் வரிவரியாகத் தமிழ். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் பயந்திருப்பான்.

வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. மதிலுக்குள் இருந்த ஒரு களஞ்சிய அலுவலகத்தில் நான் தட்டெழுத்தாளர். சுற்றிவர எல்லாமே தடைசெய்யப்பட்ட பகுதி. சீனன்குடாப் பக்கம் கையை நீட்டி எண்ணெய்த் தாங்கிகளைக் காட்டினாலே ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அப்படியான இடத்துக்கு நான் குறுக்கெழுத்தைக் கொண்டுபோயிருக்கக் கூடாதுதான். ஆனால் அது அன்றைய தபாலில் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. அங்கிருந்து வந்த வார இதழ் ஒன்றுக்கு நான்தான் புதிர் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 'இலங்கையின் நீளமான ஆறு எது' என்று கேட்கிற பள்ளிக்கூடப் புதிர் அல்ல. குறிப்புக்குள்ளேயே விடையை ஒளித்துவைத்து ஆளைச் சுற்றலில் விடுகிற புதிர். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

காவலாளி தாளோடு என்னைப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொண்டுபோய் நிறுத்தினான். அவர் முதலில் செய்த வேலை, என் பாஸை வாங்கித் தன் மேசை லாச்சிக்குள் போட்டதுதான். பாஸ் இல்லையென்றால் வாசல் தாண்ட முடியாது. வாசல் தாண்டாவிட்டால் சம்பளம் இல்லை. வீட்டில் அம்மாவும் படிக்கிற தம்பிமார் இருவரும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, "இதை உன்னிடம் தந்த ஆள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒருவரும் தரவில்லை. நான் ஆக்கியது."

அவர் சிரித்தார். கோபித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "சரி, அண்ணனா? காதலனா? பெயரைச் சொல்லிவிட்டால் உனக்குப் பிரச்சினை இல்லை." அதுவரை பயந்துபோயிருந்த எனக்கு அந்த இடத்தில் பற்றிக்கொண்டு வந்தது. இரவிரவாகக் கண் விழித்துக் கட்டுவது நான், பெயர் எவனோ ஒருவனுக்கா?

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. என் மொழிபெயர்ப்பை நம்பவும் அவர் தயாரில்லை. எங்கள் அலுவலக எழுத்தர்களுக்குத் தலைவரான பிரதம லிகிதரைக் கூப்பிட்டு அனுப்பினார். கிண்ணியாவிலிருந்து தினமும் படகில் துறை கடந்து வேலைக்கு வருகிற மனிதர். வரிக்கு வரி பிசகாமல் மொழிபெயர்ப்பதில் பெயர் எடுத்தவர். அதுதான் வினையாகிப் போனது.

"முன்னால் வருவதை வெட்டினாலும் தலை தப்பும், ஆற்றில் இறங்கும்போது கவனம் (3)." இதை அவர் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்த பால் கடிதத்தை ஒளிக்கிறது (3)." அலுவலகத்துக்குப் பால் கொண்டுவருகிறவன் யார் என்று அதிகாரி விசாரித்தார். "இலாகாவுக்கு மூஞ்சி முளைத்தால் கப்பல் வந்து நிற்கும் (5)." அதை மொழிபெயர்த்து முடிக்கும்போது பிரதம லிகிதரின் நெற்றி வேர்த்திருந்தது. என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"என்ன தங்கச்சி இது? வெட்டுறது, ஒளிக்கிறது, ஆத்துக்க இறங்குறது... எழுதுறதுக்கு வேற ஒண்டும் கிடைக்கல்லயா உங்களுக்கு?"

"சேர், கொஞ்சம் பொறுங்கோ. நான் விளங்கப்படுத்திறன்" என்றேன்.

அதிகாரிக்கும் விளங்கும்படி ஆங்கிலத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முன்னால் வருகிற எழுத்தை வெட்டினால் 'தலை' மிஞ்சவேண்டும், ஆற்றில் இறங்கினால் அதற்குக் கவனமாயிருக்கவேண்டும், ஆகவே முதலை. 'வந்த பால்' என்பதைச் சேர்த்து வாசித்தால் நடுவில் 'தபால்' கிடக்கிறது, பால்காரனை விட்டுவிடுங்கள். இலாகா என்றால் துறை, மூஞ்சி என்றால் முகம், இரண்டும் சேர்ந்தால் நாம் இருக்கிற இடம். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. பிரதம லிகிதர் விரலில் எழுத்தெண்ணிப் பார்த்துத் தலையாட்டினார்.

அதிகாரி அசையவில்லை. அவர் முட்டாள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. "விடை கையில் இருந்தால் எதற்கும் விளக்கம் சொல்லலாம். இதை எழுதியவன் அந்த விளக்கத்தையும் உனக்குச் சொல்லித் தந்திருக்கலாம்" என்றார்.

நியாயமான சந்தேகம்தான். நியாயமாக இருந்தபடியால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. "அப்படியென்றால் நீங்களே ஒரு சொல்லைத் தாருங்கள். அதற்கு இங்கேயே குறிப்பு எழுதுகிறேன். பிரதம லிகிதர் வெளியே நிற்கட்டும். பிறகு உள்ளே வந்து, என் குறிப்பை மட்டும் பார்த்து அவர் உங்கள் சொல்லைச் சொல்லவேண்டும். ரகசியக் குறியீடு என்றால் சாவி இல்லாமல் திறக்காது. இது திறக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. பிரதம லிகிதர் வாழ்நாளில் குறுக்கெழுத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். என் வேலையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு, அதிகாரி மேசையில் கிடந்த ஒரு கடித உறையைப் பார்த்தார். ஒரு துண்டில் ஆங்கிலத்தில் 'ஸ்டாம்ப்' என்று எழுதி, எனக்குக் காட்டி, குப்புற வைத்தார். தேநீர் வந்தது. தான் அதைக் குடித்து முடிக்குமுன் நான் எழுதவேண்டும் என்றார்.

முத்திரை. எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. தலைக்குள் அம்மாவின் முகம்தான் வந்தது. ஜன்னலுக்கு வெளியே, தோணியில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பேனாவை எடுத்து ஒரே மூச்சில் எழுதினேன்:

"சிப்பிக்குள் இருப்பதோடு தூண்டிலில் குத்துவதையும் சேர்த்தால் கடிதம் ஊர் போய்ச் சேரும் (4)."

பிரதம லிகிதர் உள்ளே வந்தார். துண்டை வாங்கி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"சேர், இது எனக்கு ஏலாது" என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லிக் கைவிரித்தார். அதிகாரி விடவில்லை.

"சிப்பிக்குள்ள... சதைதானே இருக்கும்? சதையத்தான் தூண்டில்லயும் குத்துவாங்க. ரெண்டும் ஒண்டுதானே?"

கரையில் பிறந்த எவரும் சிப்பி என்றால் தின்னுகிற சதையையும் இரையையும்தான் நினைப்பார்கள் என்பதை நான் யோசிக்கவேயில்லை. புத்தகத்தில் வாசித்த சிப்பியை வைத்து நான் கட்டினேன். அவர் கண்ட சிப்பியை வைத்து அவிழ்க்கிறார். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் எல்லாம் போச்சு. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"சதை எண்டா கடிதம் எங்கயும் போகாதே" என்று அவர் தனக்குள் கதைத்துக்கொண்டார். "தங்கச்சி முதல் சொன்னது போல, ரெண்டு துண்டும் வேற வேற. தூண்டில்ல குத்துறது இரை. அது சரி. மிச்சம் சிப்பிக்குள்ள... சிப்பிக்குள்ள..."

அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"முத்து!" பிரதம லிகிதர் மேசையில் அடித்த அடியில் கோப்பை துள்ளியது. "முத்து, இரை! முத்திரை! ஸ்டாம்ப், சேர்! ஸ்டாம்ப்! கடிதம் போகும்தானே சேர், ஸ்டாம்ப் ஒட்டினாப் போகும்தானே!" எவரும் கேட்காமலே அவர் சிப்பியைத் திறப்பது போலவும் தூண்டில் எறிவது போலவும் கைகளால் காட்டி, முழுவதையும் ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கிவிட்டார். அந்த மனிதரை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் கண்டதில்லை. என் சந்தோசத்தைச் சொல்லவே வேண்டாம். எழுந்து ஆடாத குறை.

அதிகாரி குப்புற வைத்திருந்த துண்டைத் தானே திருப்பினார். பிறகு லாச்சியைத் திறந்து பாஸையும், புதிர்த் தாளையும் என் முன் வைத்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நடந்ததற்கு ஓர் அறிக்கை மேலே போகவேண்டும் என்று மட்டும் சொன்னார். அறிக்கை என்றால் தட்டெழுதவேண்டும். அந்தக் கட்டடத்தில் தட்டெழுத்தாளர் நான் ஒருத்திதான்.

கார்பன் தாள் வைத்துத் தட்டெழுத்துப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் சொன்னார், நான் அடித்தேன். "சோதனையின்போது கைப்பற்றப்பட்ட தாள் ஒரு சொற்புதிர் என்று உறுதி செய்யப்பட்டது. இது இந்த அலுவலகத் தட்டெழுத்தாளரிடம் காணப்பட்ட..."

கையை எடுத்துவிட்டேன். பொறி நின்றதும் அவரும் நின்றார்.

"காணப்பட்டது இல்லை, சேர்" என்றேன். "தட்டெழுத்தாளர் ஆக்கியது."

பிரதம லிகிதர் கதவடியில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி மறுபடி நடக்கத் தொடங்கினார்.

"தட்டெழுத்தாளர் ஆக்கியது" என்றார்.

அடித்தேன். அந்த வரியின் முற்றுப்புள்ளியைக் குத்திய குத்தில் கார்பன் தாளும் ஓட்டையாகிவிட்டது.