கௌசல்யாவின் விசிலுக்கு மட்டும் கேட்கிற நாய்

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் வேறு எந்தக் கதையையும் தொடங்க இப்போது என்னால் முடிவதில்லை. மூக்கு எங்கள் பக்கத்து மூக்கு. விரல்கள் நல்ல நீளம். "வலை தைச்சுப் பொத்துற விரல்" என்று நான் சொன்னதற்கு, "பொம்பிளப் பிள்ளைக்கு வேற வேலை கிடைக்காதோ?" என்று என் மனைவி அல்பொன்சா சண்டைக்கு வந்தாள். ஆனால் இது பேத்தியின் கதை இல்லை. அவளைப் பெற்ற என் மருமகள் கௌசல்யாவின் கதை.

கௌசல்யா கடற்கரையில் வளர்ந்தவள் இல்லை. முன்னேஸ்வரத்தில் மாடும் வயலும் உள்ள வீட்டுப் பிள்ளை. என் மகன் கில்பட்டைக் கட்டிக்கொண்டு முந்தலுக்கு மேற்கே எங்கள் கரைக்கு வந்தபோது அவளுக்கு மீன் வெட்டத் தெரியாது. முதன்முதலாகத் திருக்கையைக் கண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். ஆனால் விசிலடிக்கத் தெரியும். இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தாள் என்றால் கடலில் நிற்கிற வள்ளத்துக்குக் கேட்கும். வயலில் மாடுகளை ஓட்டிச் சாய்த்துப் பழகிய விசில். புது மருமகள் முற்றத்தில் நின்று விசிலடிக்கிறாள் என்று ஊரே சிரித்தது. அல்பொன்சா வெட்கத்தில் இரண்டு ஞாயிறு முன்வரிசையில் உட்காராமல் கோயிலில் பின்னுக்கு நின்றாள். எனக்கு அன்றைக்கே மருமகளைப் பிடித்துவிட்டது.

பிறகு அவள் ஒரு இறால் பண்ணையில் வேலைக்குப் போனாள். அந்தப் பண்ணை முதலாளி காவலுக்கு ரொட்வைலர் நாய் ஒன்று வாங்கி விட்டிருந்தார். கன்றுக்குட்டி மாதிரி உடம்பு. பண்ணையை அது நன்றாகத்தான் காத்தது. முதலாளியையும் உள்ளே விடவில்லை. அவர் தன் வான் வண்டியின் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தால் உறுமும். வானுக்குள் இருந்தபடியே வேலைக்காரரோடு கதைத்துவிட்டுத் திரும்பிப் போவார்.

கௌசல்யா அந்த நாயைத் தடவவும் இல்லை, அதட்டவும் இல்லை. மத்தியானம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தன் சோற்றைத் தின்றாள். அடுத்த நாளும் அதே இடம், அதே இருப்பு. ஒரு நாள் அதுவே வந்து அவள் முதுகில் சாய்ந்து படுத்துக்கொண்டது. அதன் பிறகு முதலாளியையும் அப்படியே உட்கார வைத்தாள். அதைப் பார்க்க நான் சைக்கிளில் போனேன். பெரிய மனிதர், தரையில், கையில் பேக்கரிப் பாண் துண்டு.

"முதலாளி, அதுட கண்ணைப் பாக்காதீங்க. நீங்க பாண் தின்ன வந்தீங்க, அவ்வளவுதான்."

"தொண்டையால இறங்குதில்ல பிள்ள."

"மெல்ல மெல்ல இறங்கும். சப்புங்க."

இறங்கத்தான் செய்தது. இப்போது அந்த நாய் அவருடைய வானில் முன் சீட்டில் போகிறது.

அதற்குப் பிறகு, வாங்கிவிட்டு வைத்திருக்க முடியாத நாய் யாருக்காவது இருந்தால் எங்கள் வீட்டைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர், பனி விழுகிற நாட்டு ஹஸ்கி நாயைக் கொண்டுவந்து விட்டார். எங்கள் வெயிலுக்கு அது என்ன செய்யும், பாவம். கில்பட்டின் ஐஸ் பெட்டி மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே போய் மீனுக்கு மேல் படுத்துக்கொண்டது. அன்றைய மீன் முழுக்க வெள்ளை மயிர். கோயில் மணி அடித்தால் கூடவே ஊளையிடும். "இது இஞ்ச இருக்கிற சாமான் இல்ல" என்று கௌசல்யா ஆள் தேடி, நுவரெலியாவில் குளிர் உள்ள ஒரு வீட்டுக்கு அனுப்பி வைத்தாள்.

கடைசியாக வந்தவன்தான் ரொக்கி. கறுப்பும் வெள்ளையும் கலந்த போடர் கொலி. வெளிநாடுகளில் செம்மறி சாய்க்கிற சாதி என்றார்கள். நீர்கொழும்பில் ஒரு குடும்பம் படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, சோபாவையும் செருப்புகளையும் இழந்து, அழாத குறையாகக் கொண்டுவந்து விட்டது. அவர்களுக்கு முந்திய வீட்டுக்காரரும் அப்படித்தான் கைவிட்டிருந்தார்களாம்.

கில்பட் ஒரு பிழை விட்டான். நாய் என்றால் எஞ்சின் காக்க வேண்டியதுதானே என்று கரையில் வள்ளத்தோடு கட்டிவிட்டான். அன்றைக்குக் கரைவலை இழுப்பு. நீளக் கயிற்றைப் பிடித்து ஆட்கள் வரிசையாக நின்று இழுக்கிறார்கள். இதைக் கண்டதும் ரொக்கி தன் கட்டுக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினான். வரிசையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். யார் பின்தங்கி நிற்கிறானோ அவனுடைய குதிக்காலில் மெல்ல ஒரு கவ்வு. ஒருவரும் நிற்கவில்லை. வலையின் மடி வழக்கத்தை விட வேகமாகக் கரைக்கு வந்தது.

வலைக்குச் சொந்தக்காரர் யோசேப்பு சம்மாட்டி மணலில் இருந்து சிரித்தார். "என்ன கில்பட், எனக்குக் கங்காணி ஒண்டு கொண்டந்து விட்டிருக்கிறா? இவ்வளவு காலமா நான் ஏசியும் கேக்காத ஆக்கள், நாய்க்கு எப்பிடி இழுக்கிறாங்கள் பாரு!"

ஆட்களுக்குச் சிரிப்பு வரவில்லை. காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சண்டைக்கு வந்தார்கள். கௌசல்யா ஓடிவந்து ஒவ்வொருவரின் குதிக்காலாகப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"மாமா, அவன் கடிக்கயில்ல. சாய்க்கிறான். உங்க எல்லாரையும் மந்தையெண்டு நினைச்சிட்டான்."

அவளுக்கு அது மாட்டுக்காரப் பிள்ளையின் கண்ணால் தெரிந்தது. அன்று தொடங்கி எங்கள் வீட்டு வாத்துகளை, தாராக்களை, கொண்டு அவனைப் பழக்கினாள். நீட்டி ஒரு விசில் அடித்தால் இடப்பக்கம் சுற்றுவான். வெட்டி வெட்டி அடித்தால் வலப்பக்கம். கீழே இறங்குகிற விசிலுக்கு அப்படியே தரையோடு படுப்பான். நாங்கள் அடித்தால் ஏதோ காகம் கத்துகிறது என்கிற மாதிரிப் பார்ப்பான். மாலையில் அவளும் அவனும் களப்புத் தண்ணீரோரம் தாராக்களோடு போய் வந்தால், இரவு முழுக்கச் சத்தமே இருக்காது.

பிறகு கௌசல்யா பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். சிலாபம் ஆஸ்பத்திரியில் டொக்டர், படுத்தே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரொக்கிக்கு வேலை போய்விட்டது. தாராக்களைக் கொடுத்துவிட்டோம். அவன் எங்களைச் சாய்க்கத் தொடங்கினான். நான் கிணற்றடிக்குப் போனால் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவான்.

பேத்தியோடு அவள் ஆஸ்பத்திரியால் வந்ததும் உறவுகள் எல்லாம் பிள்ளை பார்க்க வந்தார்கள். என் அக்கா மக்தலேனா சோப்பும் பவுடரும் கொண்டு முதலாவதாக வந்தாள். பின்னால் ஒரு கூட்டம். ரொக்கிக்குப் பெருநாள். ஒவ்வொருவராகச் சுற்றி வளைத்து, குசினி மூலையில் அலுமாரியோடு சேர்த்து நிறுத்திவிட்டு முன்னால் படுத்துக்கொண்டான். ஒருவர் காலைத் தூக்கினால் அவன் தலையைத் தூக்குவான்.

"மரியாயே! யாக்கோபு, என்னைப் பட்டியில அடைச்சுப் போட்டுதடா!" அக்கா பவுடர் டின்னை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"அக்கா, அசையாம நில்லு."

"எவ்வளவு நேரமடா நிக்கிற? நான் ஆடா?"

அறைக்குள் இருந்து விசில் வந்த பிறகுதான் விட்டான். உறவுகள் தேத்தண்ணி குடிக்காமலே போனார்கள். அல்பொன்சா அறை வாசலில் போய் நின்றாள்.

"இஞ்ச பார் கௌசி, நான் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லயில்ல. நாளைக்குச் சின்னது தவழும். அதையும் சாய்ப்பான். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாய் இந்த வீட்டில இருக்கப்படாது."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சிலாபத்தில் மீன் லொறிக்கார நண்பன் ஒருவன், ஐஸ் கொட்டிலில் கட்டிவைக்கக் காவல் நாய் ஒன்று கேட்டிருந்தான். கில்பட் அவனை ஞாயிறு வரச் சொல்லிவிட்டான்.

கௌசல்யா அழவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "மாமா, சங்கிலியில போட்டா அவனுக்கு விசர் பிடிக்கும். பிறகு உண்மையாவே ஆரையாவது கடிப்பான். கடிச்சா அடிச்சுக் கொன்று போடுவாங்க."

"வேலை குடுத்தா அடங்குவான். ஆனா நீ வெளிக்கிட ஏலாதே பிள்ள" என்றேன். பிள்ளை பெற்ற உடம்பு மாதம் கழியாமல் முற்றத்தில் கால் வைக்கக் கூடாது. அதில் அல்பொன்சா ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அல்பொன்சா உள்ளே, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற காயச்சரக்குக் கறியோடு வந்தாள். கௌசல்யா அவளைப் பார்த்துக் கேட்டாள்: "மாமி, காலைத்தானே வெளிய வைக்கப்படாது. விசில் வெளிய போகலாம்தானே?"

அல்பொன்சா சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கௌசல்யா என்னை ஹமீட் நானாவிடம் அனுப்பினாள்.

ஹமீட் நானா எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்து, கையில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, இப்போது நல்ல ஆட்டுப் பட்டி வைத்திருக்கிறார். மாலையானால் அவருடைய ஆடுகள் பக்கத்துத் தோட்டத்துத் தென்னங்கன்றுகளைத் தேடிப் போகும். தோட்டக் காவல்காரன் கத்துவான். ஹமீட் நானா சாரத்தைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் ஓடுவார்.

விசயத்தைச் சொன்னதும் அவர் தாடியைத் தடவினார். "யாக்கோபு அண்ணே, நாயிட வாய் பட்டா கழுவணும், தெரியும்தானே. ஒவ்வொரு ஆடா எங்க கழுவுற?"

வேலிக்குப் பின்னால் இருந்து அவர் மனைவி நஃபீஸா குரல் கொடுத்தாள். "அது தொட்டாத்தானே கழுவ? தாராவ எப்படிக் கொண்டு வந்திச்சி எண்டு நான் எத்தின நாள் பாத்திருக்கன். ஆடு காக்க நாய் வெக்கலாம் எண்டு பள்ளிவாசல்ல கேட்டுட்டு வந்து சொன்னது நீங்கதான். இப்ப உங்கட முழங்காலுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு எனக்குக் கை வலிக்கிது."

"சரி, ஒரு நாள் பாப்பம்" என்றார் ஹமீட் நானா. "ஆனா என்ட கறுப்புக் கிடாவுக்கு அது ஆகாது. சொல்லிட்டன்."

அன்று பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும் எல்லாரும் வேலியடியில் நின்றோம். கௌசல்யா பின்கதவு நிலைக்கு உள்ளே நின்றாள். கால் படிக்கு இந்தப் பக்கம். இடது கையில் என் பேத்தி, வலது கை வாயில்.

நீட்டி ஒரு விசில். ரொக்கி பற்றையைச் சுற்றி மறைந்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஆடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வெளியே வந்தன. கறுப்புக் கிடா மட்டும் நடுவழியில் திரும்பி நின்று கொம்பைத் தாழ்த்தியது.

"நான் சொன்னேனா இல்லையா!" என்றார் ஹமீட் நானா.

ரொக்கி பாய்ந்து கவ்வினால் எல்லாம் முடிந்தது. கௌசல்யா அவசரப்படவில்லை. இறங்குகிற விசிலை மெதுவாக அடித்தாள். ரொக்கி மண்ணோடு மண்ணாகப் படுத்தான். படுத்தபடி கிடாவையே பார்த்தான். கிடாவும் பார்த்தது. பண்ணை முதலாளிக்குப் பாண் இறங்கியது போல, இதுவும் மெல்ல மெல்ல இறங்கியது. கிடா கொம்பைத் தூக்கி, ஏதோ தானே நினைத்துப் போகிறது போலப் பட்டிக்கு நடந்தது. மற்றவை முன்னால்.

இத்தனை விசிலுக்கும் பேத்தி கண் முழிக்கவில்லை.

"மாஷா அல்லாஹ்" என்றாள் நஃபீஸா. ஹமீட் நானா பட்டிக் கதவைக் கட்டிவிட்டு, "நாளைக்கும் விடுங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். அன்று ரொக்கி, மக்தலேனா அக்கா மறுபடி வந்து காலடியில் செருப்பைக் கழற்றியும் கண்ணைத் திறக்காமல் கிடந்தான். அக்கா அவனைத் தாண்டிப் போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். அல்பொன்சா அதையும் பார்த்தாள்.

ஞாயிறு பின்னேரம் லொறி வந்து வாசலில் நின்றது. கில்பட் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே பார்த்தான். நான் எழும்புவதற்குள் அல்பொன்சா கேற்றடிக்குப் போய்விட்டாள்.

"நாய் எங்க அக்கா?" என்று லொறிக்காரன் கேட்டான்.

"அது வேலைக்குப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"ஆடு பட்டிக்கு வந்தா அதுவும் வரும். உங்களோட வராது."

அவன் விளங்காமல் கில்பட்டைப் பார்த்தான். அந்த நேரம் பின்பக்கத்திலிருந்து விசில் எழும்பியது, நீட்டி. அல்பொன்சா கேற்றைத் திறந்துவிட்டாள்.

"இவ்வளவு தூரம் வந்தனீங்க, சும்மா போகாதீங்க. வந்து என்ட மருமகள் அடிக்கிற விசிலைப் பாத்திட்டுப் போங்க."