வெள்ளிக்கிழமை பாட்டு வேண்டாம்

விஜயலக்ஷ்மி டீச்சர் மந்தைவெளியில் என் தையல் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குக் குடிவந்த அன்று, சாமானைக்கூடப் பிரிக்கவில்லை, அதற்குள் பாட ஆரம்பித்துவிட்டார். நான் கீழே மெஷினை மிதித்துக்கொண்டே, சரிதான், இனி நம் காதுக்கு ஓய்வில்லை என்று நினைத்தேன். ஒரு மாதம் போனதும் அந்தக் குரல் இல்லாவிட்டால் எனக்குத் தையல் நேராக ஓடவில்லை.

இருப்புக்கொள்ளாத பெண்பிள்ளை. மயிலாப்பூரில் நாலு வீடு, அடையாறில் இரண்டு, தி.நகரில் இரண்டு என்று பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் பல்லவன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஓடுவார். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். கழுத்தில் தாலி, காலில் மெட்டி. கணவர் ஜாம்ஷெட்பூரில் இரும்பு ஆலையில் வேலை என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத அந்த மகானுபாவரைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் அவராகவே சொன்னார். அடி தாங்காமல் குடும்ப நீதிமன்றத்துக்குப் போய் விவாகரத்து வாங்கி ஐந்து வருஷம் ஆகிறதாம்.

“டைவர்ஸ் ஆனவன்னு தெரிஞ்சா ஒருத்தராவது ஆத்துக்குள்ள விடுவாளா, பேச்சியம்மா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா குழந்தைக்குப் பாட்டுச் சொல்லித்தர வர்றவ சுமங்கலியா இருக்கணும்னு பாப்பா.”

எனக்கு வயிறு எரிந்தது. அடித்தது அவன், பொய் சொல்ல வேண்டியது இவரா? ஆனால் அந்த எட்டு வீடும்தான் டீச்சரின் சோறு. நானும் யார் கேட்டாலும் ஜாம்ஷெட்பூர் என்றே சொல்லி வந்தேன்.

எட்டில் பெரிய வீடு வக்கீல் வெங்கடரமணனுடையது. நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் பக்கத்தில். கம்பெனி வழக்குகளில் பெரிய கை. வாசலை ஒட்டி அவருடைய ஆபீஸ் அறை, அதற்கு ஓர் அரைக்கதவு. வெளியே நடையில் கட்சிக்காரர்கள் உட்கார நீள பெஞ்சு. நடையைத் தாண்டினால் கூடம். கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாலை அவர் மகள் மஹதிக்குப் பாட்டு. கட்சிக்காரர்கள் வந்து குவியும் அதே நேரம். “எவ்வளவு பெரிய மனுஷர்! வேலை நேரத்துலயும் சங்கீதம் காதுல விழணும்னு இருக்கார் பாருங்கோ” என்று டீச்சருக்கு ஒரே பெருமை.

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆடி மாதம். தள்ளுபடிச் சேலைகளுக்கு ஃபால்ஸ் தைத்து மாளவில்லை எனக்கு. ஒரு புதன்கிழமை டீச்சர் கடைக்குள் நுழையும்போதே பின்னால் ஒருவன் வந்து நின்றான். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, கையில் ஒரு ஃபைலோடு.

“மேடம், நான் ஆனந்தகுமார். வக்கீல் சார் வூட்டு பெஞ்சுல பாத்திருப்பீங்க. வாடகை கேஸு.”

வாடகை கேஸ் ஒரு சாக்கு என்று அவனே சொல்லிவிட்டான். துப்பறியும் ஏஜென்ஸி ஆள். மாப்பிள்ளை குடிப்பானா, சம்பளம் நிஜமா என்று பெண் வீட்டாருக்காக மோப்பம் பிடிப்பார்களே, அந்தத் தொழில். இப்போது பெரிய இடத்து வேலை கிடைத்திருக்கிறது.

“வர்ற வெள்ளிக்கிழமை பாட்டு வாணாம் மேடம். கிளாஸுக்குப் போங்க, குந்துங்க, பாப்பாவ எதுனா எழுதச் சொல்லுங்க. சத்தம் மட்டும் வாணாம்.”

“ஏன்?”

“உங்க பாட்டு நல்லாத்தான் கீது. ஆனா ரூம்ல பேசறது ஒண்ணும் காதுல வுழ மாட்டேங்குது.” பல்லைக் காட்டினான். “சார் ஜாம்ஷெட்பூர்ல சௌக்கியமா கீறாரா? கோர்ட்டு ஆர்டர் ஒண்ணு நம்ம கைல மாட்டிக்கினு கீது மேடம். எட்டு வூடு, எட்டு ஜெராக்ஸ். எனக்கு இன்னாத்துக்கு அந்தப் பாவம்?”

நான் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டான். டீச்சர் என் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

“வக்கீல்கிட்டயே போய்ச் சொல்லுங்க டீச்சர்” என்றேன். “இந்த மாதிரி எத்தனை பயலைப் பாத்திருப்பார் அவரு.”

மறுநாள் காலை போனார். மத்தியானம் திரும்பி வந்தவர் மாடியில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். காலடிச் சத்தம் என் தலைக்கு மேலேயே ஓடியது. மின்சாரம் வேறு போய்விட்டது. பொறுக்க முடியாமல் மேலே ஏறிப் போனேன். நடந்துகொண்டேதான் சொன்னார்.

விஷயம் இதுதான். தி.நகரில் தலைவலித் தைலம் காய்ச்சும் ஒரு கம்பெனி வக்கீலின் கட்சிக்காரர். அந்தத் தைலத்தின் கலவையைப் பம்பாய்க் கம்பெனி ஒன்று திருடி வேறு பெயரில் விற்க ஆரம்பித்துவிட்டது. திருடியது உண்மை என்று சொல்ல, பம்பாய்க் கம்பெனியின் சென்னை ஆபீஸிலேயே ஓர் ஆள் சம்மதித்திருக்கிறார். திங்கட்கிழமை அவர் கோர்ட்டில் ஏறவேண்டும். அதற்கு முன் அவர் யார் என்று தெரிந்துவிட்டால் காசைக் காட்டியோ பயத்தைக் காட்டியோ வாயை அடைத்துவிடலாம். வெள்ளிக்கிழமை தைலக் கம்பெனி முதலாளி கடைசியாகக் கலந்து பேச வருகிறார். அப்போது வாயில் வரப்போகும் அந்தப் பெயருக்காகத்தான் பம்பாய்க்காரர்கள் அமர்த்திய ஆனந்தகுமார் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னபோது வக்கீல் சிரித்தாராம்.

“டைவர்ஸ் விஷயம் எனக்கு எப்பவோ தெரியுமேம்மா. விசாரிக்காம ஒருத்தரை ஆத்துக்குள்ள விடுவேனா? எங்காத்து மாமிக்குத்தான் தெரியாது. நானும் சொல்லிக்கலை.” அப்புறம் இன்னொன்றும் சொன்னார். “சாயங்காலம் அந்த நேரத்துக்குப் பாட்டு வெக்கச் சொன்னதே நான்தான். நடைல உக்காந்திருக்கறவா காதுல எதுவும் விழப்படாதே!”

இதைச் சொல்லும்போது டீச்சர் நடையை நிறுத்திவிட்டார். “மூணு வருஷமா நான் பாடிண்டிருக்கேன்னு நெனச்சேன், பேச்சியம்மா. அவாத்துக் கதவைச் சாத்திண்டிருந்திருக்கேன்.”

வக்கீலின் யோசனை சுலபமானது. ஆனந்தகுமார் கேட்டபடியே டீச்சர் வெள்ளிக்கிழமை பாடாமல் இருக்கவேண்டும். வக்கீல் உள்ளேயிருந்து ஒரு பொய்ப் பெயரை உரக்கச் சொல்வார். அவன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அவர்கள் தப்பான ஆளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்போது, நிஜ சாட்சி நிம்மதியாகக் கோர்ட்டுக்கு வந்துவிடுவார்.

“யார் பேரு மாமா?” என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

“அந்தப் பம்பாய்க்காரா ஆபீஸ்ல, அக்கவுண்ட்ஸ்ல ராஜரத்தினம்னு ஒருத்தன் இருக்கானாம். இதுல அவனுக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. அதான் சௌகரியம்.”

“அவருக்கு வேலை போயிடாதா?”

“போனா என்ன, வேற கிடைக்கும். நீங்க ஏன் கவலைப்படறேள்? பேசாம இருந்தா ஜெராக்ஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உங்க மானம் உங்ககிட்ட.”

கணக்குப் பார்த்தால் வக்கீல் சொன்னது சரி. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இரண்டு பக்கத்திலும் டீச்சருக்கு ஆபத்தில்லை. எட்டு வீடும் அப்படியே இருக்கும். நானும் அதைத்தான் சொன்னேன். “யாரோ ஒருத்தன் டீச்சர். நாம பாத்தமா, பழகினமா? பேசாம இருங்க.”

“யாரோ ஒருத்தர்தான். எனக்கு முகம்கூடத் தெரியாது. ஆனா என்னைப் பத்தி ஒரு வார்த்தை வெளில போனா என் கதி என்னன்னு நேத்திலேர்ந்து நடுங்கிண்டிருக்கேனே! அதே மாதிரி ஒரு வார்த்தையை இன்னொருத்தர் தலைல போட நான் வாயை மூடிண்டு உக்காரணுமா?”

“அப்ப காய்ச்சல்னு சொல்லிப் போகாம இருந்துருங்க.”

“போகலேன்னாலும் கூடம் சத்தமில்லாமத்தானே இருக்கும்? அதுதானே ரெண்டு பேருக்கும் வேணும்!”

அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ராஜரத்தினத்துக்கே ஃபோன் செய்து சொல்லிவிட்டால் என்ன என்றேன். அவர் பயந்துபோய் மேலதிகாரியிடம் ஓடுவார், அவர்கள் உடனே நிஜ சாட்சியைத் தேட ஆரம்பிப்பார்கள், இவருக்குப் பதில் அவர் மாட்டுவார் என்றார் டீச்சர். சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார். எனக்குத் தலை சுற்றியது. எக்கேடும் கெட்டுப் போங்கள் என்று கத்திவிட்டுக் கீழே வந்து, தைத்த ஃபால்ஸையே மறுபடி தைத்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு மனசு கேட்கவில்லை. வக்கீல் வீட்டு மாமிக்குத் தைத்த ரவிக்கைகளைக் கொடுக்கும் சாக்கில் நானும் கூடவே போனேன். பெஞ்சில் ஆனந்தகுமார், மடியில் ஃபைல். எங்களைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான். தைலக் கம்பெனி முதலாளி உள்ளே போனார். அரைக்கதவு ஆடி நின்றது.

கூடத்தில் மஹதி ஸ்வரங்களை எழுதிக்கொண்டிருந்தாள். டீச்சர் பாயில் உட்கார்ந்திருந்தார், வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. நான் தூணோரம் பையை அணைத்துக்கொண்டு நின்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும். உள்ளே பேசுவது கூடம் வரைக்கும் பளிச்சென்று கேட்டது.

“திங்கக்கிழமை நம்ம சாட்சி வந்துடுவார் சார், கவலையே வேண்டாம்.” வக்கீல் கொஞ்சம் நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார். “பேர் என்னன்னு கேக்கறேளா? அவர்…”

டீச்சரின் கை தொடையில் பட்டென்று விழுந்தது.

“மஹதி, தாரஸ்தாயி வரிசை! மூணாங்காலம்!”

சொன்னதுதான் தாமதம், மேல் ஸட்ஜத்தில் போய் நின்றது குரல். குழந்தை நோட்டைப் போட்டுவிட்டுக் கூடவே சேர்ந்துகொண்டது. உள்ளே வக்கீல் குரலை உயர்த்தினார். டீச்சர் அதற்கு மேல் உயர்த்தினார். ஸ்வரங்கள் நெல் கொட்டுகிற மாதிரி கொட்டின, ஒரு இடத்தில் மூச்சு விடுகிற இடைவெளிகூடக் கிடையாது. பயத்தில் பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். ஆனால் பொய் சொல்வானேன், சிரிப்பும் வந்தது. பாட்டை நிறுத்து என்று ஆனந்தகுமார் சொல்ல முடியாது, வாடகை கேஸ்காரனுக்கு அதில் என்ன வேலை? வக்கீலும் சொல்ல முடியாது, சொன்னால் அவன் காதில் விழவேண்டும் என்றுதான் பேசினார் என்பது அம்பலமாகிவிடும். அரைக்கதவுக்கு மேலே முகத்தை மட்டும் நீட்டி, “மஹதி, கொஞ்சம் மெதுவாடா கண்ணா” என்றார். குழந்தை டீச்சரைப் பார்த்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சமையலறையிலிருந்து மாமி கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். “அடாடா, இன்னிக்கு என்ன இவ்வளவு அமர்க்களமா பாடறேள்!”

ஆனந்தகுமார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான். கூடத்து வாசலில் நின்று டீச்சரை ஒரு பார்வை பார்த்தான். அதிலேயே எட்டு ஜெராக்ஸும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெஞ்சு காலியானதும் வக்கீல் வெளியே வந்தார். அவர் முகம் அப்படிச் சிவந்து அதுவரை நான் பார்த்ததில்லை. குரல் மட்டும் வழக்கம்போல் மெதுவாகத்தான் இருந்தது.

“செவ்வாய்க்கிழமைலேர்ந்து வரவேண்டாம்.”

திங்கட்கிழமை நிஜ சாட்சி கூண்டில் ஏறிச் சொல்லிவிட்டாராம். அதே திங்கட்கிழமை ஜெராக்ஸ்களும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. வக்கீல் வீட்டு மாமி என் கடைக்கே வந்து டீச்சரைப் பிடித்துக்கொண்டார். “மூணு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் கையால மஞ்சக் குங்குமம் வாங்கிண்டேளே, எப்படி மனசு வந்தது?” டீச்சருக்குப் பதிலாக நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. அதோடு அந்த வீட்டு ரவிக்கைகள் எனக்கு வருவது நின்றது.

அடையாறு வீடுகளில் பிள்ளைக்குப் பரீட்சை வந்துவிட்டது. மயிலாப்பூர் வீடுகளில் பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. தி.நகரில் ஒரு வீட்டில் யாரும் கதவே திறக்கவில்லை. இன்னொன்று எங்கள் தெற்கத்திச் சனம், பாத்திரக்கடைக்காரர்கள். அந்த அம்மாள் ஜெராக்ஸை மடித்து அலமாரி மேல் போட்டுவிட்டு, “பாடுறது தாலியா, தொண்டையா? எம்மகளுக்குத் தொண்டைதான் வேணும். நீங்க உள்ள வாங்க டீச்சர்” என்றிருக்கிறார். எட்டில் மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் எவர் என்றே தெரியாத ஒருவனுக்காக இப்படித் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாரே! அவன் நன்றி சொல்லப் போகிறானா? டீச்சருக்கோ வேறு கவலை. “பேர் வெளில விழலைதானே, பேச்சியம்மா? நடுவுல நான் மூச்சு எடுத்தேனோ? அந்த நேரத்துல கேட்டிருக்குமோ?” என்று மாடிக்கும் கடைக்கும் அலைந்தார். சாப்பிடவில்லை. இந்த அவஸ்தையைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் கையைப் பிடித்து, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் தள்ளினேன். பம்பாய்க் கம்பெனியின் சென்னை ஆபீஸ் நம்பர் டைரக்டரியிலேயே இருந்தது.

“அக்கவுண்ட்ஸ்ல ராஜரத்தினம் சார் இருக்காரா?”

பூத் ரொம்பச் சின்னது, கதவைச் சாத்த முடியாமல் நானும் பாதி உள்ளே நின்றேன். ஆபரேட்டர் லைனை மாற்றிவிட, ஏதோ கிறீச்சிட்டது. பிறகு ஒரு ஆண் குரல், வேலை மும்முரத்தில்.

“ராஜரத்தினம்தான். யாருங்க? ஹலோ… ஹலோ! ஃபோனைப் போட்டுட்டு வாயைத் திறக்காம நின்னா என்ன அர்த்தம்? மாசக் கடைசி, தலைக்கு மேல கெடக்கு இங்க. உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லியா?”

“இல்ல சார், போயிடுத்து” என்றார் டீச்சர், ரொம்ப மரியாதையாக. ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, வாய் சிரித்தது.

“சீட்லதான் இருக்கார், பேச்சியம்மா.”