பாதிப் பப்படம்

செத்தவர் ஒருவரின் சோற்றை முப்பது நாள் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். பேய்க்குப் பயமா என்று என் பிள்ளைகள் கேட்டால், அதன் பந்தியிலேயே இருந்தவள் நான் என்று சொல்வதுண்டு. அப்போது எனக்கு எட்டு வயது.

நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் லொறியிலிருந்து விழுந்து அப்பா இடுப்பை உடைத்துக்கொண்ட பிறகு, நாங்கள் கெலிஓயாவில் அத்தை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கண்டிக்குப் போகும் வழியில் மேட்டின் மேலிருந்த கன்னியர் மடத்தில் அம்மாவுக்குத் துணி துவைக்கிற, தைக்கிற வேலை கிடைத்தது. எனக்குத் தை மாதம்தான் பள்ளிக்கூடத்தில் இடம் என்றார்கள். அதனால் நானும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மடத்துக்குப் போனேன். மத்தியானத்துக்குத் தேத்தண்ணியும் ஆளுக்கொரு துண்டு பாணும்தான் எங்களுக்கு.

அந்த மழைக்காலத்தில் மடத்தில் வயதான சிஸ்டர் ஒருவர் இறந்துபோனார். தோட்டம் தோட்டமாக நடந்து பிள்ளைப்பேறு பார்த்தவராம். மறுநாள் மத்தியானம் ஓர் இளம் சிஸ்டர் என்னைக் குசினிக்குக் கூட்டிப்போய் வாங்குப் பலகையில் உட்கார வைத்தார். அவர்கள் சபையின் வழக்கம் அது. இறந்தவரின் இடத்தில் முப்பது நாளைக்குச் சாப்பாடு வைப்பார்கள். மற்றவர்கள் சாப்பிட்டு முடித்ததும் அதை இல்லாத ஒருவருக்குக் கொடுப்பார்கள். இல்லாதவள் என்று என்னைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஒன்னும் கேக்காம தின்னுட்டு வா," என்றாள் அம்மா.

குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே ஒரு பலகை யன்னல். தட்டு உள்ளே போனதும் அதை மூடிவிடுவார்கள். மூடுமுன் ஒரு கணம், ஆளில்லாத கதிரையும் அதன் முன்னால் படுக்க வைத்த சின்ன மரச்சிலுவையும் தெரியும். உள்ளே யாரும் பேச மாட்டார்கள். கரண்டிச் சத்தத்துக்கு மேலே ஒரே ஒரு குரல் சபையின் கதையை வாசிக்கும். கப்பலேறி வந்த முதல் சிஸ்டர்மார், மாட்டுவண்டியில் மலையேறியது, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி காய்ச்சியது, அதே காய்ச்சலில் செத்தது. கடைசியில், முன்னர் அதே தேதியில் இறந்த சிஸ்டர்மாரின் பெயர்கள். ஒவ்வொரு தேதிக்கும் யாராவது செத்திருந்தார்கள். பெயர்கள் முடிந்ததும் யன்னல் திறக்கும், தட்டு வரும்.

முழுப் பப்படத்தோடு உள்ளே போன தட்டு, பாதிப் பப்படத்தோடு வெளியே வந்தது. பசியில் முதலிரண்டு நாள் நான் கவனிக்கவில்லை. சோறு அப்படியே, பருப்பு அப்படியே. பப்படம் மட்டும் நடுவில் ஒடிந்து ஒரு பாதி இல்லை. தினமும் அப்படித்தான்.

அத்தையிடம் சொன்னேன். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது.

"செத்தவ சோறுடி அது. முப்பது நாளும் அவ பங்கத் தின்னுட்டு சும்மா இருந்தீன்னா, முப்பத்தோராம் நாள் ஒன்னையத் தேடி வருவா, பாரு."

தின்னாவிட்டால் பசி, தின்றால் பேய். பேய் வர நாளிருந்தது. பசி அன்றைக்கே வந்துவிடும். விரல் விட்டு நாளெண்ணிக்கொண்டே தட்டை வழித்துத் தின்றேன்.

முப்பதாம் நாள் பயம் பசியை வென்றுவிட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு மடத்துக் கல்லறைப் பக்கம் ஓடினேன். எங்கள் ஆட்கள் படையல் வைப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேளைச் சோற்றையாவது திருப்பிக் கொடுத்தால் செத்தவரின் கோபம் தணியும் என்று எண்ணம். பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. கல் வைக்காத புது மண்மேட்டில் தட்டை வைத்துக் கும்பிட்டேன்.

"நீர் இன்னும் சாப்பிடேல்லையோ?"

திரும்பினேன். பின்னால் தடித்த கண்ணாடி போட்ட கிழட்டு சிஸ்டர் செபமாலையோடு நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், செத்தவருக்குப் பக்கத்துக் கதிரையில் வருடக்கணக்காக இருந்தவர். என்னைப் பார்த்தாரா, மண்மேட்டைப் பார்த்தாரா என்று சொல்ல முடியவில்லை. அதுவரை என்னை யாரும் 'நீர்' என்றதில்லை. அவரும் செத்தவரும் தங்களுக்குள்தான் அப்படிப் பேசிக்கொள்வார்கள்.

"பப்படத்தில என்ர பாதியை எப்பவும்போல எடுத்திட்டன். மிச்சம் உம்மடதுதானே. பசியோ?"

"ஓம்," என்றேன். எங்கள் வீட்டில் 'ஆமா' என்றுதான் சொல்வோம். 'ஓம்' என் வாயில் எப்படி வந்தது என்று இன்றும் தெரியாது. அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த மண்மேட்டோரம் குந்தியிருந்து கடைசிப் பருக்கை வரை தின்றேன்.

மறுநாள் அழுக்குத் துணிக்கூடைக்குள் ஒளிந்துகொண்டேன். இளம் சிஸ்டர் தேடி வந்தார்.

"முப்பது நாள்தான் முடிஞ்சிருச்சே சிஸ்டர்," என்றாள் அம்மா.

"இன்னும் இருக்கு. பிள்ளைய அனுப்புங்க," என்றார் அவர், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

யன்னல் வழியாக வந்த தட்டில் பாதிச் சோறு, பாதிப் பருப்பு, பாதிப் பப்படம். செத்தவர் போகவில்லை, இப்போது சோற்றிலும் கை வைக்கத் தொடங்கிவிட்டார்.

மார்கழி முடியும்வரை அந்தப் பாதித் தட்டு தினமும் வந்தது. அந்த நாட்களில் கண்ணாடி சிஸ்டர் மெலிந்துகொண்டே போனார். அவருடைய அங்கியை அம்மா இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். "செத்தவ சிநேகிதியக் கூட்டிட்டுப் போகப் பாக்குறா," என்றாள் அத்தை. நான் நம்பினேன். அந்தச் சிஸ்டர் வந்தால் காயப்போட்ட துணிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். ஒருநாள் துணிக்கு அந்தப் பக்கம் நின்று, "பசியோ?" என்று கேட்டார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தை பிறந்ததும் பள்ளிக்கூடம் போனேன். அங்கே மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். மாசியில் ஒருநாள், கண்ணாடி சிஸ்டர் தேறிவிட்டார், பிடித்த தையலைப் பிரித்துவிட்டேன் என்று அம்மா அத்தையிடம் சொன்னாள். ஏனோ அம்மாவின் குரல் தழுதழுத்தது. பேய் ஒருவழியாக அவரை விட்டுத் தொலைந்தது என்று நான் ஓடிப்போய்ச் சாமி படத்தைக் கும்பிட்டேன். தை மாதத்தில் அவருடைய தட்டை விட்டுப் போனவள் நான்தான் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.