மூன்று நாள் அவரைத் தள்ளி வைத்தேன்

அந்தச் செய்தி வந்தபோது எனக்கு ஐந்தாவது மாதம். என் கணவர் வெளிமாநிலத்தில் ஓர் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வெல்டராக இருந்தார். அங்கே விபத்து, கதிர்வீச்சு கசிந்துவிட்டது என்று டிவியில் ஓடியது. அவர் நாள் முழுக்கப் போனை எடுக்கவில்லை. மறுநாள்தான் கூப்பிட்டார்.

"எனக்கு ஒன்னுமில்ல. ரயில் ஏறிட்டேன். நாளைக்கிப் பொம்மிடியில எறங்கிடுவேன்."

உயிரோடு இருக்கிறாரே என்று அழுதேன். ஆனால் அன்று மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் குவிந்துவிட்டன. அங்கிருந்து வருகிறவர்கள் உடம்பிலிருந்து கதிர் வீசும், கர்ப்பிணிகள் பக்கத்தில் போனால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். அடுத்த வீட்டு அக்கா வாசலோடு நின்று, "உங்க வூட்டுக்காரரு வர்றாராமே? வயித்துப் புள்ளக்காரி, பாத்து இரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோவிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார். சிரித்துக்கொண்டே வந்தவரை, "அங்கயே நில்லுங்க" என்றேன்.

"என்னா புள்ள?"

"மாட்டுக் கொட்டாய்ல தண்ணி வச்சிருக்கேன். குளிச்சிட்டுத் துணிய அங்கயே வுட்டுடுங்க. படுக்கையும் அங்கதாங்க."

என் வயிற்றைப் பார்த்தார். கொட்டாய்ப் பக்கம் நடந்தார். அவர் கழற்றிய சட்டையைக் குச்சியால் தூக்கிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். சோற்றுத் தட்டைக் கொட்டாய் வாசலில் வைத்துவிட்டு விலகி நிற்பேன். நான் திரும்பிய பிறகுதான் எடுப்பார். வயிற்றில் பிள்ளை அசையாமல் கிடந்தாலும் பயம், அசைந்தாலும் பயம்.

மூன்றாம் நாள் காலித் தட்டின் மேல் ஒரு தாள் இருந்தது. தூரத்திலிருந்தே பேசினார். "அனுப்பறதுக்கு முன்னாடி மெஷின் வச்சு ஒடம்புல கதிர் இருக்கான்னு பாத்து எழுதிக் குடுத்தாங்க. நான் சொன்னா நம்ப மாட்ட. டாக்டர்கிட்ட காட்டு."

தருமபுரி பஸ்ஸில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவர் கடைசி சீட்டில். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு, "அவர் எங்க?" என்று கேட்டார்.

"வெளிய மரத்தடியில நிக்கறாருங்க."

உள்ளே அழைத்து, கையுறை கூடப் போடாமல் அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "உடம்புலயோ துணியிலயோ கதிர்வீச்சுத் தூசி ஒட்டியிருந்தாதான்மா மத்தவங்களுக்கு ஆபத்து. அப்படி எதுவும் இல்லன்னு பாத்துதான் அனுப்பியிருக்காங்க. நீங்க தாராளமா பக்கத்துல இருக்கலாம்."

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார். "பின்னாடி எனக்கு எதுனா வியாதி வருமாங்க?"

மூன்று நாளாகக் கொட்டாயில் அவரும் பயந்துகொண்டுதான் கிடந்தார் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

"உங்க மேல பட்ட கதிரோட அளவு குறைச்சல்னுதான் எழுதியிருக்கு. வருசம் ஒரு தடவை வந்து பரிசோதிச்சுக்குங்க" என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயம் முழுசாகப் போகவில்லை. இருந்தாலும் நகரவில்லை. "என்ன மன்னிச்சிடுங்க" என்றேன். "புள்ளைக்காகத்தான பண்ண" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவர் மறுபடி அந்த வேலைக்குப் போகவில்லை. இங்கேயே கிரில் கேட் செய்கிறார். வருஷா வருஷம் பரிசோதனைக்கு அவர் ரத்தத்தைக் கொடுத்துவிட்டு வருவோம். ரிசல்ட் வரும்வரை இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.